மஞ்சப்பையில் ஒரு குவார்ட்டர்

பதினோரு வருஷமாக எங்கள் பள்ளிக்கூடத்தில் சாலைப் பாதுகாப்பு மன்றத்துக்கு நான்தான் பொறுப்பு. இயற்பியல் டீச்சர் என்பதால் என் தலையில் கட்டினார்கள். நானும் ஆசையாகத்தான் செய்தேன். பதினெட்டு முடிந்ததும் லைசென்ஸுக்கு ஓடப்போகிற பிளஸ் டூ பிள்ளைகளை உட்காரவைத்து, குடியும் கஞ்சாவும் கண்ட மாத்திரையும் மூளையை எப்படி மந்தமாக்கும் என்று சொல்வேன். பிரேக்கை மிதிக்க நினைப்பதற்கும் மிதிப்பதற்கும் நடுவில் வண்டி எவ்வளவு தூரம் ஓடிவிடும் என்று கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுவேன். அதோடு விடமாட்டேன். ஒருவன் சரக்கு என்று சொல்லித் தண்ணீர் பாட்டிலை நீட்ட வேண்டும், இன்னொருவன் "வேணாம்" என்று சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டே சொன்னால் மறுபடி சொல்லவைப்பேன். "வாங்கிக் குடுக்கிறவன் உனக்கு வேண்டியவன் இல்லடா" என்று வாய் கிழியக் கத்துவேன்.

அதே நான்தான் போன சம்பா அறுப்பின்போது என் பழைய மாணவன் ஒருவனுக்குக் குவார்ட்டர் பாட்டில் கொடுத்தேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பயனில்லை.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம். கணவருக்கு சிங்கப்பூரில் வேலை. அறுப்பை ஒட்டி லீவு எடுத்து வருவார். போன தடவை லீவு கிடைக்கவில்லை. கதிர் முற்றிய நேரம் பார்த்து மழை அடித்து, பயிர் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. இன்னொரு மழை பெய்தால் நெல் வயலிலேயே முளைத்துவிடும். சேற்றில் இறங்கி அறுக்கிற பெல்ட் மெஷின் ஊருக்கே ஒன்றுதான் வந்திருந்தது.

"டிரைவரக் கவனிச்சாத்தான் டீச்சரம்மா மெஷினு நம்ம வயல்ல எறங்கும். சார் வருஷா வருஷம் கவனிப்பாரே, தெரியாதா உங்களுக்கு?" என்றார் பக்கத்து வயல்காரர்.

தெரியும். அறுப்பு நாளில் கணவர் கையில் ஒரு பை இருக்கும். அதில் என்ன என்று நான் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்ற பயம்தான். ஊருக்குத்தானே உபதேசம். இந்தத் தடவை பக்கத்து வயல்காரரையே வாங்கிவரச் சொன்னேன். பேப்பரில் சுற்றி, மஞ்சப்பையில் போட்டு, கோயில் பிரசாதம் மாதிரி கொண்டுவந்து தந்தார்.

காலையில் மெஷின் வந்து வரப்போரம் நின்றது. மேலிருந்து குதித்தவன், "வணக்கம் டீச்சர்" என்றான். அதற்கு முந்தின வருஷம்தான் என்னிடம் பிளஸ் டூ முடித்தவன். பத்தொன்பது வயது. லைசென்ஸ் எடுத்து அந்த சீசனில்தான் தனியாக ஓட்ட ஆரம்பித்திருந்தான்.

பையை முதுகுக்குப் பின்னால் மறைத்திருக்கலாம். ஆனால் கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. அடுத்த வரப்பில் நின்றவர் கையிலும் ஒரு பை தொங்கியது. நீட்டிவிட்டேன்.

உள்ளே பார்த்துவிட்டு, "நான் குடிக்கிறதில்ல டீச்சர்" என்றான். சிரிக்காமல்தான் சொன்னான்.

அங்கேயாவது என் கை பின்னுக்குப் போயிருக்க வேண்டும். "இப்பவா குடிக்கச் சொல்றேன்? வேல முடிஞ்சதும் வச்சுக்கப்பா. எல்லாரும் குடுக்கிறதுதானே" என்றேன். என் வாயால்தான் சொன்னேன். அவன் பையை வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

"உங்க வயலத்தான் முதல்ல அறுக்கிறதா இருந்தேன் டீச்சர்."

பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் மூன்று ஏக்கரும் முடிந்தது. நெல்லை டிராக்டரில் ஏற்றிக் கொள்முதல் நிலையத்துக்கு அனுப்புகிற மும்முரத்தில் அந்தப் பை எனக்கு நினைவில்லை. அதுவும் பொய். நினைவு வரும்போதெல்லாம் டிராக்டர்காரரிடம் எதையாவது பேசிச் சமாளித்தேன். மாற்று டிரைவர் வந்து மெஷினை எடுத்துக்கொண்டு அடுத்த வயலுக்குப் போய்விட்டார். இவன் வீட்டுக்குப் போய் மறுநாள் வந்தால் போதும். டீ எடுத்துக்கொண்டு தேடிப் போனேன். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். பாட்டிலில் கொஞ்சம்தான் மிச்சம். பழக்கமில்லாத உடம்பு, கண் சிவந்து, நாக்குக் குழறியது.

"எல்லார்கிட்டயும் வேணாம்னு சொல்லிருவேன் டீச்சர். நீங்க குடுத்தத எப்படி வேணாங்கிறது?"

சொல்லிவிட்டு எழுந்து, தடுமாறிப் போய், கொட்டகையோரம் நிறுத்தியிருந்த தன் பைக்கில் சாவியைப் போட்டான். பஸ்ஸும் லாரியும் ஓயாத கும்பகோணம் ரோட்டில்தான் அவன் ஊருக்குப் போக வேண்டும். சாவியைப் பிடுங்கிக்கொண்டு, "அறிவிருக்கா உனக்கு? இந்த நிலைமையில வண்டிய எடுப்பியா?" என்று கத்தினேன். கத்துவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? அவனோ கையைக் கட்டிக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க டீச்சர்" என்றான். அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

ஆட்டோ வரவழைத்து, அவனை ஏற்றி, நானும் கூட ஏறிக்கொண்டேன். அவன் ஊருக்கு விடச் சொன்னேன்.

வாசலில் அவன் அம்மா விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். மகன் இறங்கியதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. "உங்கப்பன் குடிச்சது பத்தாதாடா?" என்று முதுகில் ரெண்டு வைத்தார். பிறகு, "யாருடா வாங்கிக் குடுத்தது? சொல்லு!" என்றார்.

அவன் என் பக்கமே திரும்பவில்லை. தரையைப் பார்த்தபடி, "யாரோ வயக்காரரும்மா" என்றான்.

அந்த அம்மா குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளித் தூற்றினார். "எம் பிள்ளைக்கு ஊத்திக் குடுத்தவன் குடும்பம் வெளங்குமா? அவன் பெத்ததுக்கு இப்படி ஒருத்தன் வாங்கிக் குடுத்தாத்தான் அவனுக்குத் தெரியும்!"

திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றேன். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊர் என்ன பேசும், பள்ளிக்கூடத்தில் எந்த முகத்தோடு நிற்பது என்றெல்லாம் அந்த நேரத்திலும் யோசித்தேன். சொல்லவில்லை.

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் நின்றது. "நீங்க மட்டும் பாக்கலன்னா எம் பிள்ள எந்த லாரியில போய் விழுந்திருப்பானோ. நீங்க நல்லா இருக்கணும் டீச்சர். ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுத்தான் போவணும்."

உட்கார்ந்து குடித்தேன். அவன் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். "சர்க்கர போதுமா டீச்சர்?" என்று அந்த அம்மா கேட்டார். போதும் என்றேன். அந்த வீட்டில் நான் பேசியது அது ஒன்றுதான்.