நானூற்றுப் பதிமூன்றாவது ஊடை

தறியில் டிசைன் போடும் ஜக்கார்டு கம்ப்யூட்டர் பெட்டிகளைப் பழுதுபார்க்கக் கருவிகள் வாங்க மெக்கானிக் அப்பாண்டை பட்ட கடன் எண்பதாயிரம். எட்டாவதே படித்தவர், இரண்டே வருடத்தில் அடைத்தார்; முசரவாக்கத்தில் யாரையும் கேளுங்கள்.

ஓரிக்கை நெசவாளி ஜெயப்ரியாவின் தறியில், பெட்டியை இயக்கும் மூல மென்பொருளான கர்னல் முடங்கினால், வாட்ச்டாக் டைமர் பெட்டியை மறுபடி கிளப்பிவிடும். ஆனால் டிசைன் முதல் ஊடையிலிருந்து, அதாவது முதல் குறுக்கிழையிலிருந்து தொடங்கிவிடும். இரண்டு முந்தானை பாழ். மூன்றாவதும் போனால் முதலாளி தறியைப் பிடுங்கிவிடுவார்.

"காலேஜ் படிச்ச ரெண்டு பேரு பாத்துட்டு, புதுசு வாங்குன்னு பூட்டாங்கண்ணா. அந்த டைமரையே கழட்டிடுங்க," என்றாள் பழுதுபார்க்க வந்த அப்பாண்டையிடம்.

"கழட்டினா பொட்டி செத்தே கெடக்கும்மா. எழுப்பறது அதோட வேல. எங்க வுட்டோம்னு நாமதான் எழுதி வெக்கணும்."

மிதிக்கு மிதி ஊடை எண் அழியாத சிப்பில் பதியும்படியும், பெட்டி எழுந்ததும் அதிலிருந்தே தொடரும்படியும் செய்தார். நானூற்றுப் பன்னிரண்டாவது ஊடையில் வேண்டுமென்றே கர்னலைக் கவிழ்த்தார். பெட்டி இருண்டது; தானே எழுந்து, அடுத்த ஊடைக்குச் சரியாக இழைகளைத் தூக்கியது.

"தப்பலண்ணா!" என்ற ஜெயப்ரியா, அவர் விரித்த உள்ளங்கையில் ஆயிரத்து ஐந்நூறை எண்ணி வைத்தாள்.