வெள்ளிக்கிழமை ஓடிய ட்ரிம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து அம்மன் கோயிலை ஒட்டிய அறையில் ஒரு சர்வர் இருக்கிறது. வெளிநாட்டில் வேலை செய்யும் தோட்டத்துப் பெண்கள் வெள்ளிக்கிழமைப் பூசையைப் பார்ப்பதற்காக வைத்தது. கேமராப் படம் முதலில் அதில் பதிவாகி, பிறகு இன்டர்நெட்டில் போகும். நான் பள்ளியில் படித்தது ஓ.எல். பரீட்சை வரைதான். ஆனாலும் அதைப் பார்த்துக்கொள்வது நான்தான். அம்மன் கொடுத்த வேலை.

அதில் இருப்பது எஸ்.எஸ்.டி. டிஸ்க். பழைய வீடியோவை நாம் அழித்தாலும், அந்த இடம் காலி என்று டிஸ்க்குக்குத் தெரியாது. அதற்குச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதுதான் ட்ரிம். அழிக்க அழிக்க உடனே சொல்லும்படி இருந்ததால் சர்வர் மெதுவாகி இழுத்தது. வாரம் ஒரு முறை மொத்தமாகச் சொல்லும்படி மாற்றினேன். அதற்குச் சர்வரே முதலில் காட்டிய நேரம் இரவு. விளக்கு வைத்த பிறகு வீட்டையே கூட்டுவதில்லை, கோயில் சர்வரைக் கூட்டலாமா? நல்ல நாளாகப் பார்த்து வெள்ளிக்கிழமை காலைக்கு வைத்தேன்.

அந்த வெள்ளி, பாலாபிஷேகத்தின் நடுவில் படம் அப்படியே நின்றது. குவைத்திலிருந்து கொழுந்தியா போன் செய்தாள்.

"மச்சான், சொம்பத் தூக்குன பூசாரி இன்னும் எறக்கல. அடுத்த வெள்ளி புள்ளைக்குக் காது குத்துறீங்க. அன்னைக்கும் இப்படித்தானா?"

அவள் மகள் எங்கள் வீட்டில்தான் வளர்கிறாள். வந்து போக அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

சர்வரில் பார்த்தேன். ட்ரிம் ஓடிய நேரமும் படம் நின்ற நேரமும் ஒன்று. மனைவியிடம் சொன்னேன். அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"சாமிக்குப் பூசை நடக்கறப்ப யாராச்சும் வீடு கூட்டுவாங்களா? நான் வியாழக்கிழமையே கழுவிடுறேன்ல?"

"நீயே சர்வரப் பாத்துக்க."

"பாத்துக்கிறேன். நீங்க வீட்டக் கழுவுங்க."

வியாழனுக்கு மாற்றினேன். பின்னேரம் இடி இடித்தால் கரண்ட் போகும், அதனால் காலையிலேயே. ஓடி முடிந்ததும் பெரிய வீடியோ ஒன்றைப் பதிந்து பார்த்தேன். இழுக்கவில்லை. இனிப் படம் நிற்காது என்று தெரிந்தது. அம்மனுக்குச் சூடம் கொளுத்திவிட்டு வந்தேன்.

வெள்ளியன்று பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்தாள். தெரணியகலையிலிருந்து வந்த சிங்கள நகைக்காரர், "துவே, மகளே, அழ வேணாம்" என்று கொஞ்சிக்கொண்டே குத்திவிட்டார். அவள் அலறலில் மேளமே கேட்கவில்லை.

உடனே என் போன் அடித்தது.

"ஒரு எடத்துலயும் நிக்கல மச்சான்," என்ற கொழுந்தியாவும் அழுதுகொண்டிருந்தாள். "அவகிட்ட குடுங்க."

போனைக் காதருகே கொண்டுபோனேன். "வலிக்கும்" என்று பிள்ளை தலையைத் திருப்பிக்கொண்டாள். ஸ்பீக்கரில் போட்டு, சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.