மலையில் வீசிய துவாய்

கண்டி நகரத்தின் நடுவில், குளத்துக்கு மேலே ஒரு குன்றின் தலையில் ஒரு பூங்கா இருக்கிறது. போய் வந்தவர்கள் எல்லாரும் அதைப் புகழ்ந்துதான் கதைப்பார்கள். காற்று என்பார்கள், காட்சி என்பார்கள், சரித்திரம் என்பார்கள். நான் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். புகழ என்னிடம் ஒன்றும் இல்லை.

நாங்கள் அங்கே காற்று வாங்கப் போகவில்லை. என்னைக் காட்டப் போனோம். அது சண்டைக் காலம். கற்பிட்டிப் பக்கத்தில் எத்தாளைக்கு அங்கால் எங்கள் ஊர். வயது ஏறுகிறது என்று என்னைப் பற்றி ஊர் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தது. பேசி வந்த இரண்டு இடங்கள் கை நழுவிப் போயிருந்தன. உம்மா ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையை ஏந்திக்கொண்டு நெடுநேரம் இருப்பார். அந்த துஆ முழுக்க என்னைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரியும். அப்படி இருக்கும்போதுதான் புரோக்கர் கண்டியில் புடவைக்கடை வைத்திருக்கும் ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்தார்.

மாப்பிள்ளையின் உம்மா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். வீட்டுக்கு வந்து பெண் பார்க்க மாட்டாராம். பூங்காவில் பார்க்கலாமாம்.

“வீட்ட வந்து பாத்துட்டு வாணாமெண்டு சொன்னா ரெண்டு பக்கத்துக்கும் வெக்கம் தானே,” என்றார் புரோக்கர். “பார்க்கில எண்டா தற்செயலாச் சந்திச்ச மாதிரி. பிடிச்சா வந்து சலாம் சொல்லுவாங்க. பிடிக்காட்டி அவங்கட பாட்டுல போவாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது.”

வாயில் சீனி போட்டுக் கதைக்கிற மனுஷன். உண்மையில் அந்த அம்மாவுக்கு எங்கள் மணலிலும் ஈக்களிலும் கால் வைக்க மனமில்லை. முதலில் சரக்கைப் பார்க்க வேண்டும், பிறகுதான் எங்கள் வாசலை மிதிப்பார். என்னுடைய படம் ஒன்றை ஏற்கெனவே வாங்கிக் கைப்பையில் வைத்திருந்தாராம். அதையும் புரோக்கர்தான் பெருமையாகச் சொன்னார். அடையாளத்துக்கு அந்த அம்மா மஞ்சள் குடை பிடித்து வருவாராம்.

வாப்பாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் நடந்தது விளங்காது. வாப்பா கரைவலைக்காரர். எங்கள் கரையில் வலை வளைக்கிற தோணியில் இருப்பவர்களுக்கு மீன் கூட்டம் தெரியாது. கரையில் மணல்மேட்டில் ஏறி நிற்கிறவருக்குத்தான் தண்ணீரின் நிறம் மாறுவது தெரியும். அவர் தோளில் கிடக்கிற துவாயை எடுத்து வீசுவார். வலப்பக்கம் வீசினால் தோணியை வலப்பக்கம் வலிப்பார்கள், தலைக்கு மேலே சுற்றினால் வலையை இறக்குவார்கள். வாப்பாதான் மேட்டில் நிற்கிறவர். அவர் துவாயைத் தூக்கினால் கடலில் இருக்கிற தடியன்கள் எல்லாரும் மறு பேச்சில்லாமல் திரும்புவார்கள். தூரத்தில் இருக்கிற ஆளைக் கூப்பிடுவதற்கு அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். சந்தியில் பஸ்ஸை மறிப்பதும் துவாயால்தான், என்னைச் சாப்பிட வரச் சொல்வதும் துவாயால்தான்.

போகிற அன்று விடியவே புரோக்கருக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. நாங்கள் மூன்று பேரும்தான் பஸ் ஏறினோம். உம்மா மடியில் சீலாக் கருவாட்டுப் பொதி. சம்பந்திகளாகப் போகிறவர்களிடம் வெறுங்கையோடு போகலாமா என்று ஆகச் சதையான துண்டுகளாகப் பொறுக்கிக் கட்டியிருந்தார். வழி நெடுகச் செக்பொயின்ட். இறங்கு, நட, அடையாள அட்டையைக் காட்டு, ஏறு. ஒவ்வொரு தடவையும் அந்தப் பொதியை அவிழ்த்து மணந்து பார்த்தார்கள். பஸ்ஸுக்குள் தமிழில் சத்தமாகக் கதைக்க வேண்டாம் என்று புரோக்கர் சொல்லியனுப்பியிருந்தபடியால் நாங்கள் ஊமைகளைப் போல இருந்தோம்.

பூங்காவுக்கு ஏறும் படிகளில் உம்மாவுக்கு மூச்சு வாங்கியது. பிறந்ததிலிருந்து மட்டமான தரையில் நடந்த கால்கள். மேலே போனதும் ஒரு பலகை. எந்தக் காலத்திலோ ஒரு ராசா இந்த இடத்தில் நின்று நகரத்தைப் பார்த்தாராம். பிறகு ஒரு வெள்ளைக்காரத் துரை வாங்கு போட்டு அதில் குந்தி அதே நகரத்தைப் பார்த்தாராம். இதுதான் சரித்திரம். பலகையின் தமிழ்ப் பக்கத்தில் பெயின்ட் உரிந்து போயிருந்ததால் மிச்சத்தை நான் சிங்களத்தில்தான் வாசித்தேன். மிச்சத்திலும் இன்னும் இரண்டு பேர் நின்று பார்த்திருந்தார்கள். சுற்றிவர வெட்டி விட்ட செடிகள், துருப்பிடித்த ஒரு பீரங்கி, சீமெந்தில் செய்த ஒரு மான். மானுக்கு ஒரு காது இல்லை. பீரங்கிக்குப் பக்கத்தில் மணல் மூட்டை அடுக்கி இரண்டு ஆமிக்காரர் காவல் நின்றார்கள்.

கீழே தெரிந்த குளத்துக்குப் பாற்கடல் என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். நான் வாப்பாவிடம் சொன்னேன். வாப்பா கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இதையா கடலெண்டு சொல்றாங்க?” என்றார். “அக்கரையில நிக்கிறவன்ட சட்டைப் பொத்தான் தெரியுது, மகள்.”

உம்மா வாயைப் பொத்திச் சிரித்தார். அன்று நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு வருவதாகச் சொன்னவர்கள் வெகு நேரமாகியும் வரவில்லை. நான் தலையில் போட்டிருந்த மொக்காட்டைச் சரிசெய்துகொண்டு பூக்களைப் பார்க்கிறவள் போல அங்குமிங்கும் நடந்தேன். யாரும் இல்லாத இடத்தில் பார்வைக்கு நடப்பதைப் போல ஒரு கேவலம் இல்லை. கடைசி பஸ் போய்விடும் என்று உம்மா பொதியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தார். அப்போது வாப்பா, “அந்தா” என்றார். கீழே குளக்கரை வீதியில் மஞ்சள் குடை ஒன்று, கூட ஒரு வெள்ளைச் சட்டை. படி ஏறும் இடத்தைத் தவறவிட்டு நேரே போய்க்கொண்டிருந்தார்கள்.

“போறாங்களே, போறாங்களே,” என்றார் உம்மா.

வாப்பா துரையின் வாங்கில் ஏறி நின்றார். தோளில் கிடந்த வெள்ளைத் துவாயை எடுத்தார். வீசினார். எங்கள் மூன்று பேருக்கும் அதில் துளி பிழையும் தெரியவில்லை என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். சண்டைக் காலத்தில், ஒரு நகரத்தின் உச்சியில், ஆமிக்காரன் பார்த்துக்கொண்டிருக்க, கீழே இருக்கிறவனுக்குத் துணி வீசிச் சாடை காட்டுகிறோம். கடற்கரை ஆட்களைத் தவிர வேறு எவருக்கும் இந்தப் புத்தி வராது.

ஆனால் குடை நின்றது. அண்ணாந்து பார்த்தது. வாப்பா இடப்பக்கம் வீசினார், குடை இடப்பக்கம் திரும்பியது. தலைக்கு மேலே சுற்றினார், குடை படிகளில் ஏறத் தொடங்கியது. எங்கள் கடலில் முப்பது வருடம் வலித்தவனைப் போல அந்தக் குடை கீழ்ப்படிந்தது. இதை நான் மறக்க மாட்டேன். அந்த அம்மாவுக்கு எங்களைத் தெரிந்துதான் இருந்தது.

அவர்கள் மேலே வந்து சேரும்போது ஆமிக்காரர் வாப்பாவை வாங்கிலிருந்து இழுத்து இறக்கி, இரண்டு கையையும் பின்னால் பிடித்திருந்தார்கள். யாருக்குச் சிக்னல் கொடுத்தாய் என்று ஒருவன் கத்தினான். வாப்பாவுக்குப் பயத்தில் தெரிந்த சிங்களமும் மறந்து போயிற்று. எங்கள் கரைக்குப் பருவத்துக்கு வந்து ஓலை வாடி அடித்துத் தங்குகிற சிங்கள மீன்காரர்களோடு நான் சின்ன வயதிலிருந்தே கதைத்துப் பழகியவள். நான்தான் முன்னால் போய் விளங்கப்படுத்தினேன். கலியாணப் பேச்சு, வழி தவறினார்கள், வழி காட்டினோம், அவ்வளவுதான் என்றேன். படியில் நின்றவர்களைக் காட்டி, “எங்கள் ஆட்கள்” என்றேன். அந்தச் சொல்லை நினைத்தால் இப்போதும் நாக்கைக் கடிக்கத் தோன்றுகிறது.

வாப்பா அவர்களைப் பார்த்து, கையைப் பிடித்திருந்த நிலையிலேயே, “அஸ்ஸலாமு அலைக்கும்” என்றார்.

பதில் இல்லை.

முன்பின் தெரியாத ஆள் பஸ்ஸில் சொன்னாலும் பதில் சொல்லுவோம். சண்டை பிடித்துக் கதைக்காமல் இருக்கிறவன் சொன்னாலும் முணுமுணுத்தாவது சொல்லுவோம். சலாத்துக்குப் பதில் சொல்லாமல் நின்ற ஒரு முஸ்லிமை என் ஆயுளில் அன்றுதான் பார்த்தேன்.

ஆமிக்காரன் மஞ்சள் குடையிடம் கேட்டான், இவர்களைத் தெரியுமா என்று. அவர் எங்கள் மூவரையும் ஒழுங்காக ஒரு தடவை பார்த்தார். கருவாட்டுப் பொதியையும் பார்த்தார்.

“இல்ல மாத்தையா, தெரியாது,” என்றார் நல்ல சிங்களத்தில். “நாங்க சும்மா காத்து வாங்க வந்த.”

சொல்லும்போது கைப்பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். அதற்குள்தான் என் படம் இருந்தது.

மாப்பிள்ளை என்ன செய்தார் என்று கேட்க வேண்டுமே. ஒரு மரத்தில் அடித்திருந்த பெயர்ப் பலகையை வாசித்தார். ஒரு மரத்தின் பெயரை வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும்? வாப்பாவைக் கொண்டுபோகும் வரைக்கும் அவர் வாசித்தார். உம்மா குடைக்காரியின் கையைப் பிடிக்கப் போனார். அவர் கையை உதறிவிட்டுப் பூக்களைப் பார்க்கப் போய்விட்டார்.

பொலிஸில் வாப்பாவை ஒரு மேசைக்கு முன்னால் நிறுத்தி, காட்டிய சாடைகளை எல்லாம் திரும்பக் காட்டச் சொன்னார்கள். அவர் அந்தத் துவாயை வலப்பக்கம், இடப்பக்கம், தலைக்கு மேல் என்று வீசிக் காட்டினார். மேசைக்காரன் ஒன்றும் விளங்காமல் எழுதிக்கொண்டிருந்தான். வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற ஒரு காக்கிச் சட்டைக் கொஸ்தாப்பு திடீரென்று சிரிக்கத் தொடங்கினான். சிலாபத்துக் கடற்கரைப் பக்கத்தவனாம்.

“ஓய், கண்டியில மீனா பிடிக்க வந்த?” என்றான், எங்கள் தமிழிலேயே.

பிறகு அவன் தன் ஆட்களுக்குச் சிங்களத்தில் விளங்கப்படுத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். வாப்பாவும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். விட்டபோது உம்மா கருவாட்டுப் பொதியை அந்தக் கொஸ்தாப்பிடமே கொடுத்தார். போக வேண்டிய இடத்தை விட நல்ல இடத்துக்குத்தான் போனது.

மறுநாள் திரும்பி வரும் பஸ்ஸில் வாப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். “அவங்களும் பயந்திருப்பாங்க, மகள். காலம் அப்பிடி.” பயம் எனக்கும் விளங்கும். பயந்தவள் வாயை மூடிக்கொண்டு நிற்கலாம், அழலாம், ஓடலாம். நெஞ்சோடு என் படத்தை இறுக்கிக்கொண்டு காற்று வாங்க வந்தேன் என்று சொல்வதற்குப் பயம் மட்டும் போதாது.

நோன்பு முடிந்து புரோக்கர் வந்தார், வயிற்றுவலி எல்லாம் சுகமாகி. பொடியனுக்கு என்னைப் பிடித்துவிட்டதாம். மரத்தின் பெயரை வாசித்துக்கொண்டே எப்போது பார்த்தார் என்று தெரியவில்லை. இந்தத் தடவை அவர்களே வருகிறார்களாம், வான் பிடித்து, எங்கள் வீட்டுக்கே. உம்மாவின் முகம் அப்படியே மாறிப் போயிற்று. வாப்பாவும் சரி என்றார். என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே முடியாது என்றிருப்பேன் என்று இப்போது வீரம் பேசலாம். உண்மை என்னவென்றால், எனக்கும் ஒரு வீடு வேண்டும், ஒரு பிள்ளை வேண்டும் என்ற ஆசை இருந்தது. ஊரின் வாயை அடைக்க வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. அவர்கள் வருகிற அன்று காலையில் நான் நல்ல சாரியைத்தான் உடுத்தினேன்.

எங்கள் ஊருக்குள் வரும் பாதை தென்னந்தோட்டங்களுக்கு ஊடாக நாலைந்தாகப் பிரியும். எல்லாம் ஒரே மணல், ஒரே மாதிரி. தெரியாதவன் வந்தால் கடற்கரைக்கோ களப்புத் தண்ணீருக்கோதான் போய்ச் சேருவான். அதனால் வாப்பா மணல்மேட்டில் ஏறி நின்றார். வெயில் ஏறிய பிறகும் அவர் இறங்கவில்லை என்று தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்க நான் போனேன்.

“அந்தா,” என்றார்.

தூரத்தில் ஒரு வெள்ளை வான் பிழையான பாதையில் திரும்பி, மணலில் பின் சில்லைப் புதைத்துக்கொண்டு உறுமியது. கதவு திறந்தது. மஞ்சள் குடை இறங்கியது. அது நாலா பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தது. யாராவது வழி காட்டுவார்களா என்றுதான் பார்த்தது, வேறெதற்கு?

வாப்பா தோளிலிருந்து துவாயை எடுத்தார். அதே துவாய்தான். உம்மா எத்தனையோ தரம் அடித்துத் துவைத்திருந்தார். அவர் கை மேலே போகும்போது நான் அதன் மறு நுனியைப் பிடித்துவிட்டேன். பிடிக்க வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. கை போய்விட்டது.

“என்ன மகள்?”

“விடுங்க வாப்பா.”

“வழி தவறிட்டாங்க புள்ள. நாம காட்டாட்டி யார் காட்டுற?”

“அவங்க யாரு வாப்பா? எனக்குத் தெரியாது.”

வாப்பா என்னைப் பார்த்தார். வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே உம்மா புரியாணிச் சட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். துவாயை அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. கீழே குடை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு அவர் தன் பக்கத்து நுனியை விட்டுவிட்டு, நான் கொண்டுவந்த தண்ணீரை வாங்கி மேட்டிலேயே குந்திக் குடித்தார்.

பின்னேரம் அஸர் தொழுகை நேரம் ஒரு ட்ரக்டர் வந்து வானை இழுத்துப் பெரிய வீதியில் விட்டதாகக் கேள்வி. அதற்குப் பிறகு அந்த வான் எங்கள் பக்கம் வரவில்லை, புரோக்கரும் வரவில்லை. உம்மா அன்று இரவு வரை அழுதார். நான் முகத்தைக் கழுவிவிட்டு எல்லாருக்கும் புரியாணி போட்டுக் கொடுத்தேன். வாப்பா இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.