ஹெல்மெட்டில் ஏற்றிய கண்ணாடி

அந்த யோசனை ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவொற்றியூரில் கிரிக்கெட் மேட்ச் நடந்துகொண்டிருந்தபோது வந்தது. பாயிண்ட்டில் ஃபீல்டிங் நின்றவனின் முகத்தில் கார்க் பந்து மோதியது. அவன் போட்டிருந்த ஸ்போர்ட்ஸ் கூலிங்கிளாஸ் கழன்று புல்லில் விழுந்தது. எல்லோரும் அவனிடம் ஓடினார்கள், நான் கண்ணாடியிடம் ஓடினேன். லென்ஸில் விரிசல் இல்லை. அவனும் மூக்கைத் தேய்த்துக்கொண்டு சிரித்தான்.

இதை யார்டில் போட்டால் என்ன?

எண்ணூர் போகும் சாலையில் கண்டெய்னர் பழுதுபார்க்கும் யார்டு ஒன்றில் வேலை செய்கிறேன். டிப்ளமோ முடித்தவன். காலியாகத் திரும்பும் பெட்டிகளில் எங்கே ஓட்டை, எங்கே துரு என்று பார்த்து எழுதுவது என் வேலை. யார்டில் கொடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வெள்ளை லென்ஸ். பத்து நிமிடத்தில் வியர்வை ஆவி படிந்து மங்கிவிடும். வெயிலுக்கும் உதவாது. அதனால் எல்லோருடையதும் லாக்கரில் கிடந்தது.

பாரிமுனை நடைபாதையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கண்ணாடி வாங்கினேன். கன்னம் வரை வளைந்து வரும், பக்கவாட்டில் தூசி நுழையாது. அடி தாங்கும் பிளாஸ்டிக் என்று ஸ்டிக்கர் சொன்னது. நம்பினேன். முதல் வாரம் எனக்கு வெயிலே தெரியவில்லை.

ஒரே ஒரு சிக்கல். பெட்டிக்குள் நுழைந்தால் கறுப்பு லென்ஸில் ஒன்றும் தெரியாது. அதிலும் எங்கள் முக்கியமான சோதனையே இருட்டில்தான்: ஒருவர் உள்ளே நிற்க, வெளியே கதவை மூடிவிடுவார்கள். எங்கிருந்து வெளிச்சம் கசிகிறதோ அங்கே ஓட்டை. கருவி எதுவும் கிடையாது. கண்தான் கருவி.

ஆகவே என் அக்கா ஸ்டெல்லாவிடம் சொல்லி, கண்ணாடியின் இரண்டு காதுக் கம்பிகளையும் இணைத்து எலாஸ்டிக் தைக்கச் சொன்னேன். அக்கா ராயபுரத்தில் எங்கள் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். இப்போது ஒரு கையால் கண்ணாடியை ஹெல்மெட் மேல் ஏற்றலாம். வெளியே வந்ததும் இறக்கலாம். பெரிய கண்டுபிடிப்பு செய்த மாதிரி திரிந்தேன்.

பெட்டிகளில் துரு தட்டும் தாஸ் அண்ணன் முதல் நாள் என்னைச் சுற்றி வந்து பார்த்தார். "இன்னா மாமு, டாஸு போட்டாச்சா? பேட்டிங்கா, பௌலிங்கா?"

மறுநாள் அவரே வந்தார். "உங்க அக்காவாண்ட சொல்லி நம்ளுக்கும் ஒண்ணு தெச்சிக் குடு."

மொத்தம் ஏழு பேருக்கு அக்கா தைத்துக் கொடுத்தாள்.

கண்ணில் துணுக்கு விழுந்த நாள் எனக்குச் சரியாக நினைவிருக்கிறது. ஒரு பழைய பெட்டியின் கூரையைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். வெயில் அறைந்தது. கண்ணாடியை இறக்கினேன். வலது கண்ணில் சுருக்கென்றது. கசக்கினேன். அது முதல் தப்பு.

தாஸ் அண்ணன் கைக்குட்டை முனையைத் திரித்துக்கொண்டு வந்தார். "கண்ணத் தொற நைனா. இமைக்காத." பழுப்பாக ஒரு துணுக்கு வந்தது. அதைக் காட்டிச் சிரித்தார், நானும் சிரித்தேன். அது இரண்டாவது தப்பு. அந்தத் தப்பை அவர் கணக்கில் எழுத மாட்டேன், நான்தான் கண்ணைக் காட்டினேன்.

மூன்றாவது, வீட்டுக்குப் போகும் வழியில் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து. இரண்டே நாளில் சிவப்பு போனது. வேலைக்கும் போனேன். நான்காம் நாள் காலை டியூப்லைட்டைப் பார்க்க முடியவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்றபோது, கருவிழியில் சோற்றுப் பருக்கை ஒட்டியதுபோல் ஒரு வெள்ளைப் புள்ளி.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைப் பிளவு விளக்கின் (மெல்லிய ஒளிக்கீற்றைச் செலுத்திக் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) முன் உட்கார வைத்தார். பிறகு நான் கொண்டுபோயிருந்த மருந்துப் புட்டியைத் திருப்பிப் படித்தார்.

"இதுல ஸ்டீராய்டு இருக்கு. சிவப்பு போச்சு, சரியாயிடுச்சுன்னு நினைச்சீங்க இல்லையா?"

"ஆமா டாக்டர்."

"சரியாகல. அடங்கித்தான் இருந்தது."

ஸ்டீராய்டு (வீக்கத்தை அடக்கும் மருந்து, கிருமியை எதிர்க்கும் பலத்தையும் சேர்த்தே அடக்கிவிடும்) புண்ணை மூடி மறைத்து வளர்த்திருக்கிறது. கார்னியாவில் (கருவிழிக்கு மேலுள்ள தெளிந்த படலம்) மிச்சமிருந்த துரு ஒரு வளையமாகப் படிந்து, அதைச் சுற்றிக் கிருமி பிடித்திருந்தது.

"வேலையில கண்ணாடி போடலையா?"

"போட்டிருந்தேன் டாக்டர். நல்ல கண்ணாடி."

"அப்புறம் எப்படி உள்ள போச்சு?"

காற்றில் பறந்து வந்தது என்றேன். யார்டிலும் அதையேதான் சொல்லியிருந்தேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

கண்ணை மரக்கவைத்துத் துருவைச் சுரண்டி எடுத்தார்கள். முதல் இரண்டு நாள் மணிக்கொரு முறை சொட்டு மருந்து, தூக்கத்திலும். அக்காவின் தையல் மெஷின் ஓடும், நிற்கும், அவள் விரல் என் இமையைத் தூக்கும், மறுபடி ஓடும். காலை, மாலை எதுவும் இல்லை. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் இருப்பதுதான் நேரம்.

மூன்றாம் நாள் அக்கா என் ஹெல்மெட்டைத் துடைக்க எடுத்தாள். கண்ணாடி அதன் மேலேயே இருந்தது. சாய்த்தபோது, மெஷின் மேல் விரித்திருந்த வெள்ளைத் துணியில் பழுப்பாகக் கொட்டியது.

"டேய், இன்னாடா இது, இவ்ளோ துரு?"

ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். உடனே புரிந்துவிட்டது. ஹெல்மெட் மேல் ஏற்றிய கண்ணாடி அதன் விளிம்பில் ஒரு பைபோல நிற்கிறது. வாய் மேல்நோக்கித் திறந்திருக்கிறது. நான் கூரையைத் தட்டத் தட்ட அதற்குள் துரு விழுகிறது. வெளியே வந்து, அந்தப் பையை என் கையாலேயே கண்ணில் கவிழ்த்திருக்கிறேன்.

அக்காவும் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நான் தெச்ச எலாஸ்டிக்கா?"

"நான் சொன்ன எலாஸ்டிக்."

"அந்த ஏழு பேரு இன்னிக்கும் அதப் போட்டுகினுதானே இருப்பாங்க?"

சாயங்காலம் வரை போனைக் கையில் வைத்திருந்தேன். காற்று என்று சொன்னதே எனக்கு வசதியாக இருந்தது. அன்றைய ஐந்தாவது சொட்டைப் போடவந்த அக்கா, புட்டியைத் திறக்காமல் நின்றாள். "நீ சொல்றியா, நான் சொல்ட்டா?"

தாஸ் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"காத்துல வந்துச்சின்னு சொன்னியே மாமு."

"தப்பாச் சொல்ட்டேன்ணா. உங்க ஹெல்மெட்ட ஒரு பேப்பர் மேல தட்டிப் பாருங்க."

டொக், டொக் என்று கேட்டது.

"கீது," என்றார். கொஞ்சம் கழித்து, "பேஜாரு பண்ணிட்டியே. நானு இத வூட்ல எல்லார்க்கும் காட்டிப் பெருமையாப் பேசிகினு கீறேன்," என்றார். அன்றைக்கே ஏழு எலாஸ்டிக்கையும் அறுத்துப்போட்டதாக அடுத்த நாள் சொன்னார்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஸ்போர்ட்ஸ் கண்ணாடியில் இன்றுவரை ஒரு கீறல் இல்லை. பந்திலிருந்து காப்பாற்றும் கண்ணாடி, இருட்டில் கழற்ற வைக்கும் கண்ணாடியாகவும் இருக்கிறது. கழற்றுகிற நேரத்தை நான் யோசிக்கவே இல்லை. கண்ணில் விழுந்தால் கசக்காதீர்கள், துணி முனையை அண்டவிடாதீர்கள். நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். சிவப்பு மறைவதை நம்பாதீர்கள்.

புண் ஆறப் பல வாரம் ஆனது. "தழும்பு இருக்கும். பார்வைக்கு நேர் நடுவுல இல்ல, ஆனா பக்கத்துலயேதான்," என்றார் டாக்டர்.

"ஓட்டை பாக்க முடியுமா டாக்டர்?"

அவருக்குப் புரியவில்லை. கதவை மூடுவது, வெளிச்சம் கசிவது எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அது எனக்குத் தெரியாது. பாத்துட்டு வந்து நீங்கதான் எனக்குச் சொல்லணும்," என்றார்.

போன வாரம் யார்டுக்குப் போனேன். தாஸ் அண்ணன் கதவை மூடினார். முன்பு பத்து எண்ணுவதற்குள் கண் பழகிவிடும். இப்போது நாற்பது வரை பொறுத்தேன். வலது கண்ணைச் சோதிக்க இடது கண்ணை மூடினேன். கூரை மூலையில் வெளிச்சம் கட்டைவிரல் அகலத்துக்குக் கலங்கித் தெரிந்தது.

"எத்தினி?" வெளியிலிருந்து கேட்டார்.

"ஒண்ணு."

அவர் வெளியிலிருந்து கம்பியை நுழைத்தார். எடுத்து, கொஞ்சம் தள்ளி மறுபடி நுழைத்தார். ஓட்டை இரண்டு.

சூப்பர்வைசர் திங்கட்கிழமை ஒரு முறை பார்க்கலாம் என்றார். அதிலும் தவறவிட்டால் எனக்குக் கேட் ஆபீஸில் நாற்காலி. லாரி எண் எழுதும் வேலை.

திங்கட்கிழமைக்கு லாக்கரிலிருந்து பழைய வெள்ளைக் கண்ணாடியை எடுத்துவிட்டேன். உள்பக்கம் சோப்புத் தண்ணீர் தடவித் துடைத்தால் ஆவி படிவது குறைகிறது. வீட்டில் வெந்நீர் மேல் பிடித்துப் பார்த்தேன். அதில் கட்டியிருக்கும் கயிறு கழுத்தளவுதான், ஹெல்மெட்டுக்கு எட்டாது. வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண்ணால் தரையிலிருந்து கூரை வரை, மெதுவாக, இரண்டு முறை பார்க்கப்போகிறேன். பெட்டியைத் தாஸ் அண்ணன் தேர்ந்தெடுப்பார். எத்தனை ஓட்டை என்று அவருக்குத் தெரியும், சொல்ல மாட்டார்.

நான் உள்ளே போய் நின்று, கதவை மூடச் சொல்ல வேண்டும்.