நான் கழுவி வச்ச பாட்டில்

எங்க ஊரு சனங்களுக்கு ஓடைத் தண்ணியைப் பத்திப் புத்தி சொன்னது யாருன்னு கேட்டா, எல்லாரும் அமலோற்பவமேரி டீச்சர்னுதான் சொல்லுவாங்க. அந்த வேலையில பாதியை நான் கெடுத்தேன். அதையும் நானே சொல்லிடறேன். வேற எவளாவது சொன்னா கண்ணு மூக்கு வச்சி சொல்லுவா.

டீச்சருக்குத் திண்டிவனம். தொண்ணூத்தி மூணுல மயிலம் பக்கத்துல எங்க ஊரு பால்வாடிக்கு வந்தாங்க. நான் அங்க ஆயா, பேரு கெங்கம்மாள். எந்தப் புள்ளைக்கு பேதி ஆனாலும் டீச்சர் உப்பு சர்க்கரைத் தண்ணியோட போய் நிப்பாங்க. நின்னா சும்மா இருப்பாங்களா? "இந்த ஓடைத் தண்ணியைக் குடிக்காதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது!"ன்னு ஒரு கத்து. ஹைவேஸ் பக்கம் கக்கூஸ் டேங்க்கை உறிஞ்சற லாரிக்காரனுங்க, எங்க ஓடைக்கு மேலாண்டதான் தொறந்து வுட்டுட்டுப் போவானுங்க. நாங்க அதே ஓடை மணல்ல ஊத்து தோண்டி மொண்டு குடிப்போம். "கண்ணாடி மாதிரி இருக்குது, இதுல என்னா கோளாறு?"ன்னு ஊரே சிரிக்கும். நானுந்தான் சிரிச்சேன்.

ரெண்டாயிரத்து ஒம்பது ஆடி மாசம். பஞ்சாயத்துக்குத் தண்ணி சோதிக்கிற பெட்டி ஒண்ணு வந்துச்சி. ஒருத்தனும் சீண்டலை. டீச்சர்தான் ட்ரெய்னிங் போய்ட்டு வந்து, பால்வாடி அலமாரியில வச்சாங்க. உள்ள குட்டிக் குட்டி பாட்டிலு. தண்ணியை ரொப்பி ரெண்டு நாள் வச்சா, அசிங்கம் கலந்த தண்ணி கறுத்துப் போவும். நல்ல தண்ணின்னா அப்படியே இருக்கும்.

மேலாக இருந்த ரெண்டு பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். அடியில காவிக் கறை ஒட்டிக்கினு இருந்துச்சி. அதான் மருந்துன்னு எனக்கு யாரு சொன்னா? சோதனை பண்ற பாட்டிலே இப்படி அழுக்கா இருந்தா வெளங்குமான்னு, சோப்பு போட்டு பளபளன்னு கழுவி வெயில்ல காய வச்சேன். புள்ளைங்க டம்ளரையே நாலு தண்ணி வுட்டு அலசறவ நான். மீதி பாட்டிலைக் கழுவறதுக்குள்ள ஒரு புள்ளை அழுவுதுன்னு எழுந்து போய்ட்டேன்.

அந்த ரெண்டுலதான் டீச்சர் ஊத்துத் தண்ணியைப் புடிச்சி வச்சாங்க. ரெண்டு நாள் ஆச்சி, கறுக்கலை. அவங்களுக்கே நம்ப முடியலை. ஆனா பொய் சொல்லத் தெரியாத பொம்பளை. புதன்கிழமை ரேஷன் கடை க்யூவுல, "ஊத்துத் தண்ணி நல்லாத்தான் இருக்குது. நான்தான் வீணா உங்களைப் பயமுறுத்திட்டேன்"னு எல்லார் எதிரேயும் சொல்லிட்டாங்க. ஊருக்குக் கேக்கணுமா? கைப்பம்புக்குப் போய்க்கினு இருந்தவளுங்ககூட ஊத்துக்கே திரும்பிட்டாளுங்க.

வெள்ளிக்கிழமை அம்மன் கோயில்ல கூழ் ஊத்தறாங்க. முந்தின நாளே காய்ச்சி வச்ச கேப்பைக்கூழை, காலையில பச்சைத் தண்ணி வுட்டுக் கரைச்சி, மோர் சேர்த்து ஊத்துவாங்க. அந்தத் தண்ணி ஊத்துலருந்துதான் வரணும், அதான் மொறை. நான் குளிச்சிட்டுக் கோயிலுக்குக் கெளம்பறேன், டீச்சர் பெட்டியில மீதி இருந்த பாட்டில் ஒண்ணோட ஓடியாந்தாங்க. "கெங்கம்மா, இந்தப் பாட்டில்ல மருந்து இருக்குது. அன்னைக்கு நான் வச்சதுல இல்லியே?"

"கறைன்னு நெனைச்சி கழுவிட்டேன் டீச்சர்"னேன்.

அவங்க என்னை ஒரு வார்த்தை திட்டலை. "யாருகிட்டயும் சொல்லாத, உன் வேலைக்கு ஆபத்து"ன்னு சொல்லிட்டு, ஊத்துத் தண்ணியை அந்தப் பாட்டில்ல ரொப்பிக்கினு கோயிலுக்கு ஓடினாங்க. பின்னாடியே நானும்.

கோயில் தர்மகர்த்தா பச்சைமுத்து, எங்க அண்ணன் மொறை. டீச்சர் அவருகிட்ட, "அன்னைக்கு சோதனையில நான் தப்பு பண்ணிட்டேண்ணா. பச்சைத் தண்ணியில கரைக்காதீங்க, புள்ளைங்க குடிக்கும்"னாங்க. அவருக்குக் கண்ணு செவந்துடுச்சி. "முந்தாநாள் நல்லதுன்னு சொன்ன, இன்னைக்குக் கெட்டதுன்ற! ஆத்தா தண்ணிக்கு சர்டிபிகேட் குடுக்க நீ யாரும்மா?" பின்னாடி எவனோ, "சர்ச்சுக்குப் போற வேதக்கார அம்மாவுக்கு இங்க என்னா வேலை?"ன்னான். பம்பை மேளம் அடிக்குது. புள்ளைங்க சொம்பைத் தூக்கிக்கினு முட்டுதுங்க. ஒருத்தி குடத்தை அண்டாவுல சாய்க்கப் போறா.

டீச்சர் அண்டாவை மறிச்சி நின்னாங்க. "கொதிக்க வச்சி ஆத்திட்டு ஊத்துங்கண்ணா, ரெண்டு மணி நேரந்தான்." "ஆத்தா தண்ணியை நெருப்புல வைக்கறதா?"ன்னு அண்ணன் கத்தினாரு.

எனக்கு எங்கருந்துதான் வந்துச்சோ ரோஷம்! "யோவ் அண்ணே, நேத்து கேப்பையை எந்தத் தண்ணியில வேக வச்ச? இதே ஊத்துத் தண்ணிதான? அப்ப ஆத்தா கோச்சிக்கினாளா?"ன்னேன். நான் குடத்தைப் புடுங்கி அடுப்புல இருந்த குண்டான்ல ஊத்தினேன். நாலு பொம்பளைங்க கூட சேர்ந்தாங்க. கூழு ரெண்டு மணி நேரம் லேட்டு. திட்டிக்கினே குடிச்சாங்க.

ரெண்டு நாள்கூட ஆவலை, மறுநாள் சாயங்காலமே பாட்டிலைப் பார்த்தோம், மை மாதிரி கறுப்பு. பச்சைமுத்து அண்ணன் வாங்கிப் பார்த்துட்டு, துண்டால முகத்தைத் தொடைச்சிக்கினாரு. எனக்குக் கெத்து தாங்கலை, ஊரையே காப்பாத்திட்டேன்னு. டீச்சர் மட்டும் சிரிக்கலை. "புதன்கிழமைலருந்து என் பேச்சை நம்பிக் குடிச்சவங்க?"ன்னாங்க. அப்பவே பாட்டிலோட வீடு வீடா ஏறினாங்க. "நான் சொன்னது தப்பு, என்னை மன்னிச்சிடுங்க"ன்னு ஒவ்வொரு வாசல்லயும் சொன்னாங்க. நான் பக்கத்துல ஊமையாட்டம் நின்னேன்.

அஞ்சம்மாள் வீட்டுல ரெண்டு வயசுப் பொண்ணு தொவண்டு கெடந்துச்சி. கண்ணு உள்ள போய்டுச்சி, ஒதடு வெடிச்சிருக்குது. வியாழக்கிழமைலருந்து பேதியாம். "கைப்பம்புத் தண்ணிதான் குடுத்துக்கினு இருந்தேன். நீ நல்லதுன்னு சொன்னியேன்னுதான் ஊத்துக்கு மாத்தினேன்! பாவி, உன்னை நம்பித்தானே குடுத்தேன்!"ன்னு அஞ்சம்மாள் டீச்சர் தோளைப் புடிச்சி உலுக்கினா. டீச்சர் தலையைக் குனிஞ்சிக்கினு, "ஆமாம்மா, என் தப்புதான். மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு"ன்னாங்க.

என்னால தாங்க முடியலை. "அவங்களை வுடு அஞ்சம்மா. பாட்டில் மருந்தைக் கழுவினவ நான்"னேன்.

அவ கை டீச்சரை வுட்டுச்சி. என்னை அடிப்பான்னு கண்ணை மூடிக்கினு நின்னேன். அடிக்கலை. புள்ளையைத் தூக்கி என் தோள்ல போட்டுட்டு, "ஓடு"ன்னா. பஸ் ஸ்டாப்பு வரைக்கும் அந்தப் புள்ளை மூச்சு என் கழுத்துல படுதா படுதான்னு பார்த்துக்கினே ஓடினேன்.