ஆறுதலா விடுங்கோ

ஜெர்மன் சண்டை முடிந்து எட்டுப் பத்து வருஷம் ஆகியிருக்கும். ஜோகூர் பாருவில் ஒரு சர்க்கார் காரியாலயத்தில் நான் கிராணியாக இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். காலை முதல் மாலை வரை கடிதங்களை நகலெடுத்து நம்பர் போடுகிற வேலை. அந்தச் சலிப்பைத் தீர்க்க மற்றவர்கள் டென்னிஸ் ஆடினார்கள், சீட்டாடினார்கள். நான் ஒரு லோரி வாங்கினேன்.

சாதாரண லோரி இல்லை. சண்டைக்கென்று செய்து, சண்டை முடிந்ததும் சிங்கப்பூரில் பட்டாளத்தார் வேண்டாமென்று கழித்துவிட்ட லோரி. காற்றடிக்காத கட்டி ரப்பர் டயர். பக்கத்தில் சைக்கிளுக்கு இருப்பதுபோல் பெரிய சங்கிலி. முன்னால் கைப்பிடி போட்டுத் தோள் கழலச் சுற்றினால்தான் உயிர் வரும். தம்போய் பக்கம் ரப்பர் தோட்டத்து ஓரமாக மேட்டில் ஒரு பழைய கொட்டகை கிடைத்தது; அதில் கொண்டுபோய் நிறுத்தினேன். கம்பத்து, அதாவது பக்கத்துக் கிராமத்து, மலாய்க்காரர்கள் அதற்குக் 'கெர்பாவ்' என்று பெயர் வைத்தார்கள். எருமை என்று அர்த்தம். ஒரே ஒரு தடவை உலு திராம் வரை போனோம். போகும்போது அதுவே ஓடிப் போனது. வரும்போது இரண்டு ஜோடி மாடுகள் இழுத்து வந்தன.

'போனோம்' என்றேன். கூட வந்தவர் அந்தத் தோட்டத்தில் ரப்பர் உருட்டுகிற எஞ்சினை ஓட்டுபவர். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், என் வயதுதான் இருக்கும். எஞ்சின் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் போவதற்கு முன்பே கொட்டகையில் காத்திருப்பார். எனக்குத் தெரிந்தது புத்தகத்தில் படித்தது. அவருக்குத் தெரிந்தது கையால் தொட்டுப் பார்த்தது. உண்மையைச் சொன்னால் பாதிப் பழுது அவரால்தான் தீர்ந்தது.

ஆனால் அவரிடம் எனக்கு ஒரு குறை இருந்தது. நட்டு ஒன்றை அவர் வேகமாக முறுக்கும்போது, புரி தேய்ந்துவிடுமே என்ற பயத்தில், "ஆறுதலா, ஆறுதலா" என்பேன். உடனே ஸ்பானரைக் கீழே வைப்பார், மட்கார்டில் சாய்ந்து உட்காருவார், ஒரு சுருட்டைப் பற்றவைப்பார். ஒரு நாள் இல்லை, எல்லா நாளும் இதே கதைதான். கெட்டிக்காரர், ஆனால் உடம்பு வணங்காது என்று முடிவு கட்டிவிட்டேன். வீட்டில் மனைவியிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

லோரி வாங்கிய இரண்டாம் வருஷம் மழை விடாமல் கொட்டியது. கொட்டகைத் தூண்களைக் கரையான் தின்றுவிட்டது. கூரை விழுவதற்குள் லோரியைக் கீழே சமதரைக்கு இறக்க வேண்டும். பிரேக்கோ கழற்றிக் கிடந்தது. அதனால் லோரியின் பின்பக்கம் தடித்த கயிற்றைக் கட்டி, மேலே ஒரு ரப்பர் மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை அவரிடம் கொடுத்தேன். அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை விட வேண்டும். ஸ்டீரிங்கை நேராகக் கட்டிவிட்டு, சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஒரு மரக்கட்டையுடன் நான் முன்னால் நடந்தேன். லோரிக்கு முன்னால் நடந்த என் புத்தியை என்னவென்று சொல்ல.

பாதிச் சரிவு நன்றாகத்தான் இறங்கியது. பிறகு கயிறு சற்று வேகமாக ஓடியது. நான் கத்தினேன்.

"ஆறுதலா! ஆறுதலா விடுங்கோ!"

அவர் கயிற்றை விட்டுவிட்டார்.

செம்மண் சேற்றில் என் கால் வழுக்கிற்று. விழுந்தேன், கட்டை எங்கோ போயிற்று. எருமை என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. செத்தேன் என்றே நினைத்தேன். அடுத்து நான் பார்த்தது அவருடைய முதுகு. சரிவில் உருண்டு புரண்டு ஓடிவந்து, கிடந்த கட்டையை எடுத்துச் சக்கரத்தடியில் திணித்தார். லோரி கட்டைமேல் ஏறப் பார்த்து, நின்றுவிட்டது. அவருடைய வலது கை வெளியே வரவில்லை. டயருக்கும் கட்டைக்கும் நடுவில் விரல்கள்.

அப்போது என் வாயிலிருந்து வந்ததை எழுதக் கை கூசுகிறது.

"ஏன் விட்டனீங்கள்? விசரே உங்களுக்கு?"

பைத்தியமா என்று கேட்டுவிட்டேன். வலியில் அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. அப்படியும் மெதுவாகச் சொன்னார்: "நீங்கதானே ஐயா விடச் சொன்னீங்க."

கம்பத்து ஆட்கள் ஓடிவந்து லோரியைத் தள்ளிக் கையை மீட்டார்கள். மறுநாள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்டுப் படுத்திருந்தார், பக்கத்தில் அவர் சம்சாரம். ஏன் விட்டீர்கள் என்று மறுபடியும் கேட்டேன், இந்தத் தடவை தணிந்த குரலில்.

"ஆறுதலா விடுங்கோன்னீங்க. சரி, சமதரை வந்துருச்சு போல, இனிப் பயமில்ல, நிம்மதியா விட்டுறலாம்னு சொல்றீங்கன்னு நெனச்சேங்க."

"எங்கட ஊரில ஆறுதலா எண்டா மெல்ல எண்டு அர்த்தம்."

லேசாகச் சிரித்தார். "அப்ப இத்தன நாளும் நீங்க என்னைய உக்காரச் சொல்லலீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"மத்த கிராணிமாருங்க ஒரு மாதிரி, நம்ம ஐயாதான் வேலைக்கு நடுவுல கொஞ்சம் ஆறிக்கச் சொல்றாரு, நல்ல மனுசன்னு வீட்டுல சொல்லுவேங்க. இவளக் கேட்டுப் பாருங்க."

அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். நான் என் வீட்டில் அவரைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல் இருந்தது.

இரண்டு விரல்கள் போய்விட்டன. அந்தக் கையால் எஞ்சின் சுற்ற முடியாதென்று வேறொருவரை வைத்தார்கள். துரையிடம் இரண்டு தடவை போய்க் கெஞ்சினேன், நடக்கவில்லை. தோட்டத்து வாசலில் காவல் இருக்கிற ஜாகா வேலை கொடுத்தார்கள். எஞ்சின் சத்தம் அங்கே வரை கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். லோரியை நான் அப்புறம் தொடவில்லை. அது நின்ற இடத்திலேயே நின்று, லாலான் புல் சக்கரத்தை மூடிவிட்டது.

மாதம் ஒரு முறையாவது போய்ப் பார்க்கிறேன். வாசற்படியில் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருப்போம். எனக்கும் இப்போது களைப்பு கூடிவிட்டது. புறப்படும்போது ஒவ்வொரு தடவையும், "ஆறுதலா போங்க ஐயா," என்பார். மெல்லப் போ என்கிறாரா, மனதைத் தேற்றிக்கொண்டு போ என்கிறாரா என்று நான் கேட்டதில்லை; இரண்டு வருஷம் அவர் என் பேச்சுக்கு நல்ல அர்த்தமே எடுத்துக்கொண்டார், அவர் பேச்சுக்கு நானும் அப்படியே எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறேன்.