தலையில் தட்டினால்தான் இறங்கலாம்

உயரமான கண்ணாடிக் கட்டடங்களை வெளியிலிருந்து கழுவித் துடைப்பது அவர் தொழில். மொட்டை மாடியிலிருந்து கயிற்றைத் தொங்கவிட்டு, அதில் மாட்டிய பலகையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கையில் சோப்புத் தண்ணீரும் மறுகையில் துடைப்பானுமாக மாடி மாடியாக இறங்கி வருவார். உள்ளே குளுகுளு அறையில் கூட்டம் நடத்திக்கொண்டிருக்கும் பெரிய மனிதர்கள், ஜன்னலுக்கு வெளியே அந்தரத்தில் ஒரு மீசை முகத்தைக் கண்டு திடுக்கிட்டுக் காபியைச் சட்டையில் கொட்டிக்கொள்வார்கள். இவர் அசரமாட்டார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு அடுத்த மாடிக்குப் போய்விடுவார். வேலையிடத்தில் எல்லோருக்கும் அவர் கயிற்றுக்காரர். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

இப்பேர்ப்பட்ட சூரர், கால் தரையில் பட்டதும் ஆளே மாறிவிடுவார். அதிலும் மகள் விஷயம் என்றால் கேட்கவே வேண்டாம். மகளுக்கு வயது ஆறு. வீட்டிலிருந்த மேசையின் முனைகளுக்கெல்லாம் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தார். குளியலறையில் வழுக்காமல் இருக்க ஒரு ரப்பர் விரிப்பு, அந்த விரிப்பு வழுக்காமல் இருக்க அதன் கீழே இன்னொரு விரிப்பு. அந்த இரண்டாவது விரிப்பு தடுக்கி அவரே விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார், அது வேறு கதை. பூங்காவுக்குப் போனால் சறுக்குமரத்தில் முதலில் அவர் ஏறிச் சறுக்கிப் பார்ப்பார். ஒருமுறை நடுவழியில் மாட்டிக்கொண்டு காவல்காரர் வந்து காலைப் பிடித்து இழுக்கவேண்டியதாயிற்று. பின்னால் வரிசையில் நின்ற குழந்தைகள் கைதட்டினார்கள். மகள் மட்டும் கைதட்டவில்லை. "அப்பாவே மாட்டிக்கிட்டாங்க, நான் ஏறமாட்டேன்" என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

அவர் மனைவியோ வேறு மண்ணால் செய்யப்பட்டவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை. தினமும் வண்டி ஓட்டத் தெரியாத யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, லாரிக்கும் பேருந்துக்கும் நடுவே போய்வருபவர். ஆக்ஸிலரேட்டருக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாத ஆளிடம்கூட, "பதறாதீங்க சார், அது மரம், நகராது, நாமதான் நகரணும்" என்று நிதானமாகச் சொல்வார். அவர் இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. அவருடைய நிதானமெல்லாம் அந்தப் பிரேக்கில்தான் இருக்கிறது என்பது கயிற்றுக்காரரின் கட்சி.

சண்டை ஆரம்பித்தது பள்ளிக்கூடத்தில். வகுப்பு டீச்சர் இருவரையும் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் முழங்காலை மோவாய் வரைக்கும் மடக்கி உட்கார்ந்துகொண்டு கேட்டார்கள்.

"படிப்பெல்லாம் நல்லாத்தான் படிக்கிறா சார். ஆனா ஊஞ்சல்ல ஏறமாட்டேங்குறா. படிக்கட்டுல இறங்கணும்னா யாராவது கையைப் பிடிக்கணும். விளையாட்டு நேரத்துல செவுத்து ஓரமா நின்னுட்டே இருக்கா. ஏன்டா கண்ணுன்னு கேட்டா, 'எங்கப்பா வந்து பார்த்துட்டு சரின்னு சொன்னாத்தான் ஏறுவேன்'ங்குறா. மத்த பிள்ளைங்க இவளைக் கூப்பிடறதையே விட்டுட்டாங்க."

கயிற்றுக்காரருக்குச் சுருக்கென்றது. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "ஊஞ்சலோட கொக்கியைக் கடைசியா எப்ப மாத்தினீங்க டீச்சர்?" என்று கேட்டார். மனைவி அவர் காலை மிதித்தார். பிரேக் மிதித்துப் பழகிய கால், நன்றாகவே வலித்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி தீர்ப்பு சொல்லிவிட்டார். ஊருக்கு வெளியே பெரிய பாறை ஒன்று உண்டு. ஒரு பக்கம் படிகள், மறுபக்கம் சரிவு. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் அங்கே போகிறோம், மகள் ஏறி இறங்குகிறாள், அவ்வளவுதான்.

"ஆறு வயசுப் பிள்ளையைப் பாறைக்கு இழுத்துட்டுப் போறதா? உனக்குப் புத்தி கித்தி இருக்கா?"

"உங்களோட இருந்து இருந்து அதுதான் கொஞ்சம் தேஞ்சு போச்சு. எங்கண்ணன் தன் பையனை ஆத்துல படகுல கூட்டிட்டுப் போகலையா?"

"உங்கண்ணன் தன் பையனையே கடையில மறந்துட்டு வந்த ஆளு. அவரை உதாரணம் காட்டாதே."

அந்த அண்ணனே போனில் வந்து, "மாப்ள, பிள்ளைங்கன்னா விழணும், எந்திரிக்கணும். நீங்க ரொம்பப் பொத்திப் பொத்தி வளர்க்குறீங்க" என்றார். "விழுந்தா எந்திரிக்கிற உயரத்துல விழுந்தா சரி மச்சான்" என்று இவர் போனை வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர், எதிர்வீட்டுத் தையல்காரம்மா, பால் போடுகிறவர் எல்லோரிடமும் கருத்துக் கேட்டார். குழந்தையை வைத்து விளையாடக்கூடாது என்று பாதிப் பேர், குழந்தை என்றால் விளையாடத்தானே என்று பாதிப் பேர். ஊரைக் கேட்டு உருப்பட்டவர் யார்?

படுக்கப் போகுமுன் உள்ளே இருந்ததைச் சொல்லிவிட்டார். "இந்தா பாரு. எனக்குத் தொங்கறதுக்கு ஒரு கயிறு, அது அறுந்தா பிடிச்சுக்க இன்னொரு கயிறு. உனக்கு ஓட்டக் கத்துக்கறவங்க காலுக்குக் கீழ ஒரு பிரேக், உன் காலுக்குக் கீழ ஒரு பிரேக். நம்ம ரெண்டு பேருக்குமே ரெண்டு ரெண்டு இருக்கு. பிள்ளைக்கு இருக்கறது ஒரே உசுரு. அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

மனைவி எழுந்து விளக்கை அணைத்தார். பிறகு, "அந்த உசுரு செவுத்து ஓரமா நிக்குதுங்க. அது உங்களுக்குத் தெரியலையா?" என்றார். பதில் இல்லாதபோது ஆண்பிள்ளைகள் செய்வதைத்தான் அவரும் செய்தார், புரண்டு படுத்துக்கொண்டார்.

அவருடைய தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, அதை இங்கே சொல்லியாகவேண்டும். கயிற்றில் இறங்குகிறவன் தன் பெல்ட்டைத் தானே மாட்டிக்கொள்வான். ஆனால் சரியாக மாட்டியிருக்கிறதா என்று அவன் பார்க்கமாட்டான், அவனுடைய கூட்டாளிதான் பார்ப்பான். கொக்கி, கயிறு, முடிச்சு எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்துவிட்டு, ஹெல்மெட்டில் இரண்டு தட்டுத் தட்டுவான். தட்டினால் இறங்கலாம். தட்டாமல் யாரும் விளிம்புக்குப் போகக்கூடாது. கயிற்றுக்காரரின் கூட்டாளி உருவத்தில் பெரியவர், அதனால் பெயர் டன். அவர் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கயிற்றுக்காரர் பொறுமையிழந்து, "போதும்யா, பொண்ணு பார்க்க வந்த மாதிரி பார்க்குறே, தட்டு" என்று அவசரப்படுத்துவார்.

இந்தத் தட்டல் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஸ்கூட்டரில் ஏறினால் மகளுக்கு ஹெல்மெட் மாட்டி இரண்டு தட்டு. காலையில் அவள் பள்ளிக்குக் கிளம்பும்போது புத்தகப் பையின் பட்டையை இழுத்துப் பார்த்துத் தலையில் இரண்டு தட்டு. சில நாள் தூங்கப் போகும்போதுகூடத் தட்டுவார், போர்வை சரியாக இருக்கிறதாம்.

ஞாயிறு வந்தது. கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி நீளமான இரண்டு கயிறுகள், பெல்ட்டுகள், கொக்கிகள், கையுறைகள் எல்லாவற்றையும் வாங்கி வந்திருந்தார். மகளுக்கு ஒரு கயிறு, அவருக்கு ஒரு கயிறு, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் சரிவில் இறங்குவது என்று திட்டம். மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியேறுவதற்குள் அவருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. செருப்புக் காலோடு, இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் அவர்களைத் தாண்டி ஏறிப் போனார். ஒரு கிழத் தம்பதி அரசியல் பேசிக்கொண்டே தாண்டிப் போனார்கள். "அப்பா, நாம வேற வழிக்கு வந்துட்டோமா?" என்று மகள் கேட்டாள். அவள் தன் ஹெல்மெட்டுக்குள் பாதி முகம் மறைந்து, ஒரு கையால் அம்மாவையும் மறு கையால் கம்பியையும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வந்துகொண்டிருந்தாள்.

உச்சியிலிருந்து மறுபக்கம் பார்த்தால் சரிவு மாடி வீட்டு உயரத்துக்கு இறங்கியது. ஒரு பக்கம் வழவழவென்று சாய்ந்திருந்தது, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அதில் பின்புறத்தால் சறுக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். இவர் தேர்ந்தெடுத்ததோ பக்கத்திலிருந்த செங்குத்தான பக்கம். கயிறு கட்ட அங்கேதான் நல்ல மரம் இருந்ததாம். நிபுணர்களோடு வெளியே போனால் இதுதான் தொல்லை.

மரத்தில் இரண்டு கயிறுகளையும் கட்டினார். தானும் பெல்ட், ஹெல்மெட் போட்டுக்கொண்டு மகளுக்குப் பெல்ட்டை மாட்டினார். கயிற்றைக் கொக்கியில் போட்டு இழுத்துப் பார்த்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். உதடு துடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். கொக்கியை மாற்றிப் போட்டார். முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார். பக்கத்தில் ஒரு கல்லின் மேல் நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்த மனைவி, "பொழுது சாயுறதுக்குள்ள முடிஞ்சுருமா?" என்றார். கயிற்றுக்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருவழியாக மகளின் ஹெல்மெட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"நான் முதல்ல விளிம்புல உக்காந்து காட்டுறேன். அப்புறம் நீ என் பக்கத்துல வா. பயப்படாதே, நான் இருக்கேன்."

சொல்லிவிட்டுத் தினமும் காலையில் செய்வதைச் செய்தார். விளிம்புக்குப் போனார், திரும்பி நின்று பள்ளத்துக்கு முதுகைக் காட்டினார், காலை அகட்டி ஊன்றினார், பின்பக்கம் சாய்ந்து காற்றில் உட்காரப் போனார்.

"அப்பா! நில்லு!"

அந்தச் சத்தம் அந்தச் சின்ன உடம்பில் எங்கே இருந்ததோ தெரியவில்லை. சறுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட நின்று பார்த்தார்கள். கயிற்றுக்காரர் பாதிச் சாய்வில் அப்படியே உறைந்து நின்றார்.

"உன்னை யாரும் தட்டலப்பா!"

அவர் குனிந்து பார்த்தார். இடுப்பில் கொக்கி சாவிக்கொத்து மாதிரி வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. அதில் கயிறு இல்லை. கயிறு எங்கே என்று பார்த்தார். இரண்டும் மகளிடம் இருந்தன. பயத்தில் இழுத்து இழுத்துப் பார்த்தபோது, எதற்கும் இருக்கட்டும் என்று, தன்னுடைய கயிற்றையும் எடுத்து அவளுக்கே மாட்டியிருக்கிறார். மாட்டியதே அவருக்குத் தெரியாது.

"எனக்கு ரெண்டு கயிறு இருக்கு. உனக்கு ஒண்ணுமே இல்ல" என்றாள் மகள். அழவில்லை. திட்டுகிற குரலில் சொன்னாள்.

கயிற்றுக்காரர் மெல்ல, மிக மெல்ல, முன்பக்கம் குனிந்து நாலு காலில் தவழ்ந்து மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தார். இத்தனை வருஷம் இத்தனை கட்டடத்தில் தொங்கியவருக்கு, மாடி வீட்டு உயரப் பாறையில் சாவு அவ்வளவு பக்கத்தில் வந்து போயிருந்தது. மனைவியைப் பார்த்தார். கையிலிருந்த பிஸ்கட்டைக் காணோம். முகத்தில் ரத்தமே இல்லை. வலது கால் மட்டும் கல்லை அழுத்தி மிதித்தபடி இருந்தது. இல்லாத பிரேக்கை அவர் இன்னும் விடவில்லை.

பிறகு வாய் வந்தது. "உங்களுக்கு அறிவிருக்கா? காத்துல உக்காரப் போறீங்களே! எனக்கு யாருங்க இருக்கா?" என்று ஆரம்பித்தவர் பாதியில் உடைந்து அழுதுவிட்டார். கயிற்றுக்காரரும் அழுதார். மகளுக்கு மட்டும் அழ நேரமில்லை, வேலை இருந்தது.

"ஒண்ணை நீ எடுத்துக்கோ" என்று தன் பெல்ட்டிலிருந்த இரண்டாவது கயிற்றைக் காட்டினாள். அவர் கழற்றித் தன் கொக்கியில் மாட்டிக்கொண்டார். எழுந்திருக்கப் பார்த்தவரை, "இரு. நான் பார்க்கணும்" என்று தோளைப் பிடித்து அழுத்தினாள். கொக்கியைத் தொட்டாள். இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு தொங்கி இழுத்தாள். முடிச்சைக் குனிந்து பார்த்தாள். முடிச்சைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் பார்த்தாள். டன்னை அவசரப்படுத்துகிற மனிதர், வாயைத் திறக்காமல், தலையைக் குனிந்து காத்திருந்தார். கடைசியில் ஹெல்மெட்டில் இரண்டு தட்டு விழுந்தது.

இருவரும் இறங்கினார்கள். பாதி வழியில் அவள் கீழே பார்த்தாள், "ஐயோ" என்றாள், அப்புறம் சிரித்தாள். கீழே போனதும் பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, படி வழியே ஓடி ஏறி, மற்ற பிள்ளைகளோடு வழவழப்புப் பக்கத்தில் சறுக்கி வந்தாள். ஓடும்போது யார் கையையும் பிடிக்கவில்லை. அவள் கால்சட்டையின் பின்பக்கம் கிழிந்தது. கயிற்றுக்காரர் கீழே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். நான்காவது முறை அவளே, "கையை எடுப்பா, எல்லாரும் பார்க்குறாங்க" என்றாள்.

அன்று இரவு மனைவியின் அண்ணன் போன் பண்ணினார். "என்ன, பிள்ளையைப் பாறைக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"இல்லண்ணே. பிள்ளைதான் எங்களைக் கூட்டிட்டுப் போச்சு. நல்லவேளை, பத்திரமா கூட்டிட்டு வந்துருச்சு" என்றார் மனைவி.

அந்த வாரத்திலேயே வகுப்பு டீச்சரும் போன் பண்ணினார். கயிற்றுக்காரர் அப்போது மொட்டை மாடியில், இறங்குவதற்குத் தயாராக இருந்தார்.

"சார், உங்க பொண்ணு ஊஞ்சல்ல ஏறிட்டா. ஆனா இப்ப வேற பிரச்சினை. சங்கிலியை இழுத்துப் பார்த்து, தலையில ரெண்டு தட்டுத் தட்டாம யாரையும் ஏற விடமாட்டேங்குறா. வரிசை கேட் வரைக்கும் நிக்குது. தான் ஏறும்போது யாராவது தன்னைத் தட்டணுமாம். நேத்து என்னையும் தட்டிட்டா சார்."

கயிற்றுக்காரர் போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டன் வந்து கொக்கியை இழுத்து, முடிச்சைப் பார்த்து, தட்டுவதற்குக் கையைத் தூக்கினார்.

"இன்னொரு தடவை பாருய்யா."

"என்னண்ணே, புதுசா இருக்கு? பயமா?"

"வீட்டுக்குப் போனதும் ஒருத்தி கேக்குறா, இன்னிக்கு உன்னை ஒழுங்கா தட்டினாங்களான்னு. நான் பொய் சொன்னா கண்டுபிடிச்சிடுவா."

டன் மறுபடி முதலிலிருந்து பார்த்தார். கயிற்றுக்காரர் தலையைக் குனிந்து காத்திருந்தார்.